மிஸி கேட்ட கேள்வி

இருதய தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த அந்தத் தாதியை எல்லோரும் மிஸி என்றே கூப்பிட்டார்கள். மெலிந்த உருவம். கதைக்கும்போதும் அவர் கண் மொனிட்டரில் ஓடும் பிரஷரை விட்டு அகலாது.

நெஞ்சுவலியோடு கிடந்த என் மகனின் நெற்றியில் நான் இணுவில் கோயில் திருநீறு பூசிக்கொண்டிருந்தேன். இரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்தை ஏற்றுவதற்கு முன் மிஸி கேட்டார்:

"தம்பி, நேற்று இண்டைக்கு ஆண்மைக்கெண்டு ஏதும் குளிசை போட்டனீங்களோ?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். "இல்லை."

"இப்பதான் கலியாணம் கட்டின பிள்ளை. அவனிட்டை என்ன கேள்வி கேக்கிறீங்கள்?" என்று சீறினேன்.

"அம்மா, கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ. அந்தக் குளிசையோடை இது ஏறினால் பிரஷர் அடியோடை விழுந்திடும். உயிருக்கே ஆபத்து."

நான் வெளியே வந்ததும் மிஸி கட்டிலைச் சுற்றியிருந்த மறைப்புத் திரையை இழுத்துவிட்டு மறுபடி கேட்டார். மகனின் பதில் எனக்குக் கேட்கவில்லை. சற்று நேரத்தில் மிஸி அந்த மருந்தை ஏற்றாமலே திருப்பி எடுத்து வந்தார்.

"என்ன சொன்னவன்?"

"அதை அவரிட்டைத்தான் கேக்கோணும், அம்மா. டொக்டரிட்டைச் சொல்லி வேறை மருந்து குடுக்கிறம்."

மகன் பிழைத்துவிட்டான். நான் பெற்று வளர்த்த பிள்ளை, உயிருக்குப் போராடும்போதும் எனக்குப் பயந்து பொய் சொன்னான். முன்பின் தெரியாத ஒருவரிடம்தான் அவனுக்கு உண்மை வந்தது.

வீட்டுக்குப் புறப்பட்ட அன்று மிஸிக்கு நன்றி சொல்ல அந்தப் பிரிவின் வாசல் வரை போனேன். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் திரும்பிவிட்டேன்.