முதலாளி வீடு எங்கே இருக்கிறது?

போன சனிக்கிழமை காலை. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது முரளியிடமிருந்து போன்.

“அக்கா, கொஞ்சம் பார்டருக்கு வர முடியுமா? ஒரு கேண்டிடேட் வந்திருக்கு. கூடவே அவங்க அப்பாவும் வந்திருக்காரு. சங்கரன்கோவில் பக்கமாம்... உங்க ஊருக்குப் பக்கந்தானே? நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசுனா போதும்க்கா.”

முரளி யார் என்று சொல்லிவிடுகிறேன். காவேரிப்பட்டினத்து விவசாயக் குடும்பம். என் கணவரோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர். பிறகு துணிந்து ஓசூர் பார்டரை ஒட்டிய ஜூஜுவாடியில் சின்னதாக ஒரு தொழிற்சாலை போட்டார். கியர் பாகங்கள் செய்து பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புகிறார். நல்ல மனுஷன். ஒரே குறை, ஆள் கிடைப்பதில்லை.

மெஷின் ஓட்ட ஆள் இருக்கிறது. செய்த பொருள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் குவாலிட்டி இன்ஜினீயர்தான் இல்லை. மாதக் கடைசியில் பெரிய கம்பெனிக்காரர்கள் நேரில் வந்து பார்க்கப்போகிறார்கள். அன்றைக்கு அந்த நாற்காலி காலியாக இருந்தால் ஆர்டர் புனேக்குப் போய்விடும். ஆர்டர் போனால் ஒரு ஷிப்டையே நிறுத்த வேண்டியதுதான். முரளிக்குத் தூக்கம் போய்விட்டதில் ஆச்சரியம் என்ன?

அவரைக் கேட்டால் வில்லன் நம் ஊர்ப் பெயர்தான். விளம்பரத்தில் ‘ஓசூர்’ என்று போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லையாம். தப்பித் தவறி வருகிறவர்களும் சம்பளம், லீவு எல்லாம் விசாரித்துவிட்டு, “ஓசூரா சார்... வீட்டுல கேட்டுச் சொல்றேன்” என்று போனை வைத்துவிடுவார்களாம். அந்த வீடுகளில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் போல.

முரளி என்ன செய்தார்? அடுத்த விளம்பரத்தில் வேலை செய்யும் இடம் ‘பெங்களூரு’ என்று போட்டுவிட்டார்!

சிரிக்காதீர்கள். நாம் மட்டும் என்ன யோக்கியமா? வெளியூர்க் கல்யாணத்தில் யாராவது, “இப்ப எங்க இருக்கீங்க?” என்று கேட்டால், “பெங்களூர் பக்கம்” என்கிறோமா இல்லையா? சென்னையில் சிலருக்கு நம் பக்கம் இன்னமும் தண்ணியில்லாக் காடு... அதிகாரிக்குக் கோபம் வந்தால் ஆளைத் தூக்கியடிக்கிற இடம். பெங்களூர்க்காரர்களுக்கோ ஊருக்குப் போகிற வழியில் வருகிற ஒரு டிராஃபிக் ஜாம். அவர்கள் சொல்வது இருக்கட்டும், நாமே நம் ஊர்ப் பெயரை முழுசாகச் சொல்வதில்லை.

சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். லாரிகளுக்கு நடுவில் புகுந்து போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

முரளியின் ஆபீஸ் அறையில் வேலுச்சாமி அண்ணாச்சி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை. பக்கத்தில் அவர் மகள் முத்துச்செல்வி. மெட்ராஸில் ஒரு தொழிற்சாலையில் இதே வேலையில் இருக்கிறவள். பளிச்சென்று பேசுகிறாள். முரளி அவளைத் தெய்வம் வந்து உட்கார்ந்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க கோவில்பட்டியாம்மா?” என்றார் அண்ணாச்சி.

“ஆமா அண்ணாச்சி.”

அவ்வளவுதான். விறைப்பு இறங்கி, வழக்கு ஆரம்பமாயிற்று.

“நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. வேலை பெங்களூர்னு போட்டிருக்காவ. நாங்களும் பெங்களூருக்குத்தான் டிக்கெட் எடுத்தோம். பொறவு போனப் போட்டு, ‘பெங்களூர் வரைக்கும் போகாதீங்க, பார்டர்லயே இறங்கிருங்க’ங்காரு. வீட்டுல அவ அம்மைக்குக் கை காலெல்லாம் ஆடிப்போச்சு. ‘பொம்பளப் பிள்ளைய பார்டருக்கா அனுப்புதிய? அங்க பட்டாளத்துக்காரன்லா நிப்பான்’னு ஒரே அழுகை!”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இங்கே பஸ்ஸில் ஏறி, “பார்டர் ஒண்ணு” என்றால் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துவிடுவார். பார்டரில் டீ குடிப்போம், பார்டரில் பஞ்சர் ஒட்டுவோம். கர்நாடகா ஆரம்பிக்கிற இடம், அவ்வளவுதான். சங்கரன்கோவிலில் பார்டர் என்றால் துப்பாக்கிதான் ஞாபகத்துக்கு வரும் என்று முரளிக்குத் தோன்றவே இல்லை!

“அண்ணாச்சி, இங்க லாரியத் தவிர வேற எதுவும் நம்மள ஒண்ணும் பண்ணாது” என்றேன்.

அப்புறம் என் பிரசங்கம். மெட்ராஸ் மாதிரி வியர்த்து ஊற்றாது. கோவில்பட்டி கடலை மிட்டாயும் திருநெல்வேலி அல்வாவும் இங்கேயே கிடைக்கும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கலந்து பேசுவார்கள், பத்தே நாளில் பழகிவிடும். நம் பக்கத்து ஜனம் தெருவுக்குத் தெரு இருக்கிறது, ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு வேன் பிடித்துச் சேர்ந்தே போய்வருகிறோம். டிராஃபிக்கும் வீட்டு வாடகையும் மட்டும் கொஞ்சம் கண்ணைக் கட்டும் என்றேன். முரளி என்னை முறைத்தார். உண்மையைச் சொல்லத்தானேப்பா என்னைக் கூப்பிட்டாய்?

முத்துச்செல்வி தன் பங்குக்கு ஷிப்ட் முடிந்து போக வண்டி உண்டா, லேடீஸ் ஹாஸ்டல் எவ்வளவு தூரம், மேலே படிக்க வசதி இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். முரளி ஒவ்வொன்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னார். உற்சாகத்தில், “ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாமே இங்க ஃபர்ஸ்ட் கிளாஸுங்க. குடும்பத்தோட செட்டில் ஆக இதைவிட நல்ல ஊர் கெடைக்காதுங்க!” என்று ஒரு போடு போட்டார்.

அண்ணாச்சி முகம் தெளிந்துவிட்டது. மகளைப் பார்த்தார். அவளும் தலையை ஆட்டினாள். முரளி சந்தோஷத்தில் காபிக்குச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அண்ணாச்சி சாதாரணமாகக் கேட்டார்.

“மொதலாளி வீடு எங்கன இருக்கு? நாளைக்கு ஒரு ஆத்திர அவசரம்னா பிள்ள ஓடி வரதுக்குத்தான் கேக்கேன்.”

முரளி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். “அது வந்துங்க... எலக்ட்ரானிக் சிட்டி பக்கம்.”

“அது ஓசூர்ல எங்க இருக்கு?”

“ஓசூர் இல்லீங்க. பார்டருக்கு... அந்தப் பக்கம்.”

“அப்ப நீங்க இங்க இல்லியா?”

“தினமும் வந்துட்டுப் போறனுங்க. பசங்களுக்கு ஸ்கூல் அங்க. வீட்டுல அவங்களுக்கும் அங்கதான் பழகிப்போச்சு...”

ஃபர்ஸ்ட் கிளாஸ் ஸ்கூல் பற்றிச் சொன்ன வாய் இன்னும் காயக்கூட இல்லை! எனக்கே எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அண்ணாச்சி கோபப்படவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினார். பேசியது முத்துச்செல்விதான்.

“சார், வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. ஊரும் அக்கா சொல்லுத மாதிரி நல்லாத்தான் இருக்கும். நீங்க இங்க குடி வந்ததும் ஒரு போன் போடுங்க. நான் மறுநாளே வந்து ஜாயின் பண்ணுதேன்.”

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காபி அப்புறம்தான் வந்தது.

முரளியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே சமயம், கோபமாகவும் இருந்தது. அவர் ஒருத்தர் மட்டுமா? காலையில் பார்டரில் நின்று பாருங்கள். பெங்களூரிலிருந்து வரிசையாகக் கார்கள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு மேனேஜரோ முதலாளியோ இருப்பார். பகல் முழுக்க, “இந்த ஊருக்கு நல்ல ஆளுங்க வர மாட்டேங்கறாங்க” என்று அலுத்துக்கொள்வார்கள். சாயங்காலம் அதே கார்கள் அதே வரிசையில் திரும்பிப் போகும். ஓசூருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தர வேறு யாராவது தனியாக வர வேண்டுமா?

இதை முரளியிடமே சொன்னேன். மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து போன். குரலில் புதுத் தெம்பு.

“அக்கா, முடிவு பண்ணிட்டேன். ஓசூருக்கே வந்துடறேன். உங்க தெருவுல வீடு ஏதாச்சும் காலியா இருந்தா சொல்லுங்க.”

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்று சாயங்காலமே இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்தேன். ஒன்றில் மாடியிலிருந்து மலைக்கோயில் தெரிகிறது.

வியாழக்கிழமை மறுபடியும் போன். இந்த முறை தெம்பைக் காணோம்.

“வீட்டுல சொன்னங்கக்கா. ‘ஓசூரா? அங்க என்ன இருக்கு?’ன்னுட்டா.”

“நீ விட்டுட்டியா?”

“இல்லீங்க. அந்தப் பொண்ணு சொன்னது, ஆர்டர் வெசயம், எல்லாத்தையும் எடுத்துச் சொன்னன். பொறுமையா கேட்டா. கடைசியில சரின்னும் சொல்லிட்டா.”

“அப்புறம் என்னப்பா, நல்ல சேதிதானே?”

“எங்கக்கா... ‘அவ்ளோ தூரத்துல இருந்து ஒரு பொண்ணு தனியா வந்து அந்த ஊருல இருந்துடுவான்னா, அது நல்ல ஊராத்தான் இருக்கும். மொதல்ல அவ வந்து ஜாயின் பண்ணட்டும், மறுநாளே நாமளும் போயிடலாம்’ங்கறா!”