எல்லா வீடும் ஒண்டாம் நம்பர்

பைதனிலை இணையத்தளம் எழுதுறவனுக்குப் பாதி வேலை, வாற விபரத்தை உள்ளை விடுறதோ திருப்பி அனுப்புறதோ எண்டு பாக்கிறதுதான். அந்த வேலையிலை பேச்சு வாங்கின ஆக்களுக்கு இது விளங்கும்.

கோப்பாயிலை எங்கடை சின்னக் கந்தோரிலை வேலைக்கு நானும் தர்சினியும் மட்டும்தான். தோட்டக்காரர் போனிலை மரக்கறி லொறியைப் பதியிற தளம் ஒண்டு செய்தம். பின்னேர லொறி தவறினால் பிடுங்கின காய் வாடி, தோட்டக்காரர் பட்ட பாடெல்லாம் வீண்.

செடியிலை நிக்கிற நிறை

நிறை கேக்கிற இடத்திலை ஒரு எண் மட்டும்தான் வரலாம் எண்டு விதி போட்டிருந்தம். சண்டிலிப்பாய் நடேசு அண்ணை "300-350" எண்டு அடிக்க, விதியைப் பாக்கிற பைதன் பிரேம்வேர்க் முகத்திலை அடிச்ச மாதிரித் திருப்பி விட்டுட்டுது. உடனை போன் எடுத்தார். நான் விதியை விளங்கப்படுத்த, மனுசன் ஆறுதலாக் கேட்டார்: "தம்பி, கத்தரிக்காய் இன்னும் செடியிலை நிக்குது. பிடுங்காமல் எப்பிடி நிறுக்கிறது?"

ஒண்டாம் நம்பர்

தர்சினி அண்டைக்கே குறைஞ்சது, கூடினது எண்டு ரெண்டு எண்ணாப் பிரிச்சு, குறைஞ்சது கூடினதைத் தாண்டக்கூடாது எண்டு ஒரு சோதனையும் வச்சாள். கெட்டிக்காரி! ஆனால் வீட்டு இலக்கம் கட்டாயம் எண்ட விதி அப்பிடியே கிடந்தது. எங்கடை ஒழுங்கையளிலை எந்த வீட்டுக்கு ஐயா இலக்கம்? எல்லாரும் "1" எண்டு அடிச்சிருக்கினம். விதிப்படி எல்லாம் சரி.

ஒரு பின்னேரம் ஒண்டாம் நம்பர் வீட்டைத் தேடி லொறிக்காரன் சண்டிலிப்பாயிலை சுத்தித் திரியிறான், நடேசு அண்ணையின்ரை கத்தரி மூட்டையள் வாசல் படலையடியிலை வெயில் காயுது. தர்சினி ஒரு போனிலை அவரையும் மற்றதிலை லொறிக்காரனையும் பிடிச்சு, வைரவர் கோயிலடியாலை திருப்பி, இருட்ட முன்னம் ஏத்திவிச்சாள். ஏன் அண்ணை இல்லாத இலக்கத்தைக் குடுத்தனீங்கள் எண்டு கேட்டன். "குடுக்காட்டில் லொறி வராதோ எண்டு பயந்துபோனன், தம்பி."

சந்தியிலை ஆரைக் கேக்கிறது?

அடுத்த நாள் தர்சினி வீட்டு இலக்கத்தைத் தூக்கிப்போட்டு, "சந்தியிலை ஆரைக் கேட்டால் உங்கடை வீட்டுக்கு வழி சொல்லுவினம்?" எண்டு ஒரு கேள்வி வச்சாள். வெறுமையா விடேலாது, வெறும் எண்ணும் ஏலாது. சத்தியமா என்ரை மண்டைக்கு இது ஓடியிராது. அடுத்த தரம் லொறி நேரை நடேசு அண்ணையின்ரை படலையிலை போய் நிண்டுது. அந்தக் கேள்விக்கு அவர் அடிச்சிருந்த பதில்: "ஆரையும் கேளுங்கோ பிள்ளை, என்னைத் தெரியாத ஆள் இஞ்சை இல்லை."

எங்கடை சனத்திட்டைக் கட்டாயம் எண்டு கேட்டால் பதில் வந்தே தீரும், ஆனால் அந்தப் பதிலை நம்பி லொறி போய்ச் சேரவேணுமெண்டால் தர்சினி கேக்கிற மாதிரிக் கேக்கவேணும்.