அத்தானுக்குச் சுகர் இல்லை

எதையும் கழற்றிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் என்பாள் என் மனைவி. அதற்கு முன்பே வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு அப்பாவிடம் அடி வாங்கியவன் நான் என்பது அவளுக்குத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, திருவனந்தபுரத்து டாக்டர் எனக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது என்று சொன்னபோது பயம் வருவதற்கு முன்னால் கேள்வி வந்துவிட்டது.

"கையில கட்டிப் பாத்தா எனக்கு பிரஷர் கம்மியாத்தானே சார் காட்டுது?"

அவர் பொறுமையாகத் தாளில் வரைந்து காட்டினார். கையில் கட்டிப் பார்ப்பது உடம்புக்கான அழுத்தம். இதயத்தின் வலது பாதி நுரையீரலுக்கு ரத்தம் தள்ளுகிறதே, அந்த வழியில் இருப்பது வேறொரு அழுத்தம். எனக்கு அந்தக் குழாய்கள் சுருங்கி அங்கே மட்டும் அழுத்தம் ஏறியிருக்கிறது. தள்ளித் தள்ளி இதயம் களைத்துப் போயிருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டியதன் காரணம் அதுதான். ஒரு உடம்புக்குள் இரண்டு பிரஷர் இருப்பதை ஐம்பத்தெட்டு வயது வரை யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது.

முதலில் மாத்திரை. அது போதாமல் போனதும் ஊசி மருந்து. ஊசி என்றால் போட்டுவிட்டுப் போகிற ஊசி இல்லை. வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, இடுப்பில் இருக்கும் சின்ன பம்ப் ஒன்று ராப்பகலாகக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த மருந்து ரத்தத்தில் அதிக நேரம் தங்காது. திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நுரையீரல் அழுத்தம் கிடுகிடுவென ஏறும், உயிருக்கே ஆபத்து. சொல்லிக்கொடுத்த மலையாள நர்ஸ் ஒவ்வொரு பாடத்தையும் ஒரே வரியில்தான் முடிப்பாள்: "எந்து வந்நாலும் நிறுத்தருது, கேட்டோ." என்ன வந்தாலும் நிறுத்தக் கூடாது. மாற்று பம்ப் ஒன்றும் நிரப்பிய மருந்தும் எப்போதும் கூடவே வர வேண்டும், வீட்டில் இரண்டு பேராவது இதைப் படித்திருக்க வேண்டும் என்றாள். எங்கள் பிள்ளைகள் வெளியூரில். மனைவி மட்டும்தான் படித்தாள். மாற்று பம்ப் ஒரு மஞ்சள் பையில் அவள் தோளிலேயே தொங்கியது.

மருந்தின் குறும்புகள் எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தன. முகம் சிவக்கும். குழாய் செருகிய இடம் புதிதில் நெருப்பாய் எரியும், பிறகு அடங்கும். எல்லாவற்றையும்விட விசித்திரம், சாப்பிட உட்கார்ந்தால் முதல் வாய்க்கு மட்டும் தாடை பிடித்துக்கொண்டு வலிக்கும். இரண்டாவது வாய்க்கு ஒன்றும் இருக்காது. ஏன் முதல் வாய்க்கு மட்டும் என்று நர்ஸிடம் கேட்டேன். "அது அங்ஙனெயா சேட்டா" என்றாள், அது அப்படித்தான் என்று. அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

ஊராரிடம்தான் என் பாச்சா பலிக்கவில்லை. இதயத்தின் வலது பாதிக்கு நான் வருவதற்குள் கேட்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும். "சுகராக்கும், இல்லியா?" என்பார்கள். இல்லை, பிரஷர் என்றால், "உப்பைக் குறையுங்க." இதில் பெரிய நிபுணன் என் மச்சினன், மனைவியின் தம்பி. பல வருஷம் துபாயில் இருந்து சர்க்கரை வியாதியோடு திரும்பியவன். "இன்சுலின் பம்பாக்கும் இது. அங்க என் முதலாளிக்கு இருந்துது" என்று எனக்கே விளக்கினான். எத்தனை தடவைதான் மறுப்பது? எரிச்சலாக வரும். வாயை மூடிக்கொள்வேன்.

அவனுடைய பேத்திக்குச் சோறூட்டு வந்தது. கோயிலில் வைத்துக் குழந்தைக்கு முதல் சோறு கொடுத்துவிட்டு, பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. எங்கள் பக்கத்துக் கோயில் பலவற்றில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். வேட்டி இடுப்பில் பம்ப், தொப்புளுக்குப் பக்கத்தில் பிளாஸ்திரி, நடுவே குழாய் என்று நான் ஒரு காட்சிப் பொருளாக நின்றேன். கேட்டவர்களுக்கெல்லாம் மச்சினனே பதில் சொன்னான். "அத்தானுக்கு சுகரு."

குழந்தை முதல் சோற்றைத் துப்பியது, எல்லோரும் சிரித்தோம். வெளியே வந்தால் முற்றத்தில் புதிதாக ஒரு கல்விளக்கு. கல் வேலைக்குப் பேர்போன மயிலாடியில் செய்தது என்றார்கள். கல்லின் மேல் கல்லாக அடுக்கியிருந்தது, பூச்சு எதுவும் தெரியவில்லை. எப்படி நிற்கிறது? குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கல்லுக்கும் நடுவில் நகம் போகிறதா என்று பார்த்தேன். போகவில்லை. நல்ல வெயில். போன வாரம்தான் மருந்தின் அளவைக் கூட்டியிருந்தார்கள். எழும்பும்போது பைய எழும்ப வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். மண்டபத்திலிருந்து யாரோ "இலை போட்டாச்சு" என்று கூப்பிட, சட்டென்று எழுந்தேன். விளக்கு சாய்ந்தது. சாய்ந்தது நான்தான்.

கண் திறந்தபோது மச்சினன் மடியில் என் தலை இருந்தது. "சுகர் டவுண்! பாயசம் கொண்டா லேய்!" என்று கத்திக்கொண்டிருந்தான். யாரோ ஒரு கரண்டிப் பாயசத்தை என் வாயில் ஊற்றினார்கள். அன்றைக்கு நான் வாயில் வைத்த முதல் உணவு அதுதான். தாடை கிட்டித்துப் பிடித்துக்கொண்டது. பேச வாய் வரவில்லை.

"இன்சுலின் இன்னும் ஏறிட்டுல்லா இருக்கு. மிஷினைக் கழத்தணும்" என்றபடி மச்சினன் என் வயிற்றுக்குக் கையைக் கொண்டுபோனான். அவன் விரல் பிளாஸ்திரியின் ஓரத்தை உரிப்பது தெரிந்தது. இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுங்க அத்தான், வெப்ராளப்பட்டுப் பதறாதீங்க. எனக்குத் தெரியும்."

அவனுக்கு என்மேல் பாசம். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வாழ்க்கையில் அப்படியொரு பயத்தை நான் அறிந்ததில்லை. பாயசம் மோவாயில் வழிய வழிய, பல்லுக்கு நடுவிலிருந்து சொன்னேன்.

"கழத்தினா... செத்துருவேன்."

அவன் கை அப்படியே நின்றது. அதற்குள் மனைவி மஞ்சள் பையோடு ஓடி வந்துவிட்டாள். "எலே, கையை எடு!" அவள் போட்ட சத்தத்தில் பாயசக்காரரே பின்வாங்கினார். என் காலைத் தூக்கி ஒரு பலகைமேல் வைத்தாள். பம்ப் ஓடுகிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா, செருகிய இடம் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. உரிந்த ஓரத்தில் புதுப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். கைப்பிரஷர் இறங்கியதுதான், படுத்திருக்கட்டும், பம்பைத் தொட வேண்டாம், உடனே கூட்டி வாருங்கள் என்றார்கள்.

கார் வரும்வரை மச்சினன் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். பேத்தியின் விசேஷம், இன்னும் சாப்பிடவில்லை. பம்பைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அப்பம் இது என்ன மருந்து அத்தான்?"

சொன்னேன். இதயத்தின் வலது பாதி, சுருங்கிய குழாய், தங்காத மருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முடிவுவரை கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

காரில் அவனும் ஏறிக்கொண்டான். பிறகும் எங்களோடு இரண்டு தடவை திருவனந்தபுரம் வந்து, நர்ஸ் முன்னால் பொம்மை வயிற்றில் குத்திப் பழகினான். துபாய் முதலாளியைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் சரி என்று தலையாட்டிய பிறகுதான் குழாய் மாற்றும் நாளில் வீட்டுக்கு வந்தான். முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவினான். புது இடத்தைத் துடைத்து, காய விட்டான். மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள், கைவைக்கவில்லை. அவன் ஒரே குத்தில் சரியாகச் செருகினான். பம்ப் ஓடத் தொடங்கியதும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

"வலிக்கா அத்தான்?"

உயிர் போகிற வலி.

"இல்ல மக்கா" என்றேன்.