பதிவேட்டில் மட்டும் ஓடிய ஆறு ஆண்டுகள்

இன்னும் ஒரு வருடத்தில் அச்செழுத்து தெரியாமல் போய்விடும் என்று கண் வைத்தியர் சொன்னபோது, பதினெட்டாம் நூற்றாண்டு வணிகப் பாய்க்கப்பல் ஒன்றின் வரலாற்றை நான் எழுதத் தொடங்கி ஒன்பது வருடமாகியிருந்தது. புகழ்பெற்ற கப்பல் அல்ல. மரமும் உப்பு மீனும் ஏற்றியது. நான்கு முறை கைமாறியது. ஒரு மாரிக் குளிர்காலம் முழுக்கப் பனிக்கட்டியில் சிக்கி நின்றது. கண் போவதற்குள் அதை முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

நாங்கள் இருக்கும் பிக்கரிங்கிலிருந்து ரயிலில் நகரத்து நூலகத்துக்குப் போய், வருடந்தோறும் அச்சான கப்பல் பதிவேடுகளைப் பார்த்து, வருடத்துக்கு ஒரு வரியாகக் குறித்தேன். கடைசி ஆறு வருடமும் ஒரே கப்டன், ஒரே பாதை. கிழட்டுக் கப்பலைக் கைவிடாத அந்த மனிதரைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினேன். நான் எழுதியதில் உருப்படியானவை அவைதான்.

போன மாரியில் பொடி எழுத்து மங்கியது. பழைய பத்திரிகைகளின் கப்பற் செய்திகளை மனைவி கணினியில் வாசித்துச் சொன்னாள்.

"என்ர பிறந்தநாளை மறந்தாலும் உந்தக் கப்டன் வெளிக்கிட்ட நாளை மறக்கமாட்டியள்," என்பாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் பாதியில் நிறுத்தினாள்.

"இஞ்சருங்கோ, உங்கட கப்பல் கடலில தாண்டு போச்சாம். கப்டன்ர பேரும் கிடக்கு. ஒருத்தரும் தப்பேல்லையாம்."

"எந்த வருசம்?"

சொன்னாள். அந்த ஆறு வருடத்தில் முதலாவது.

கப்பல் மூழ்கியதை யாரும் அறிவிக்காவிட்டால், பதிவேட்டில் பழைய வரியையே அடுத்தடுத்த வருடங்களிலும் அச்சிடுவார்கள். இது எனக்குத் தெரியும். முன்னுரையில் மற்றவர்களை எச்சரித்தும் இருக்கிறேன். ஆனால் அந்தக் கப்டனை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

"நாப்பது பக்கத்தையும் நீர் அழியும்," என்றேன்.

"திருப்பி எழுதலாம்தானே. நான் வாசிக்கிறன்."

முந்தைய வருடங்களிலும் ஒரே வரி இரண்டு, மூன்று முறை வந்த இடங்கள் பல. இனி அவற்றையும் நம்ப முடியாது. ஒவ்வொன்றையும் பத்திரிகைகளோடு ஒத்துப் பார்க்க இன்னொரு ஒன்பது வருடமும் என் பழைய கண்களும் வேண்டும்.

அவள் கணினியில் வருடத்தைச் சொல்லிச் சொல்லி அழித்தாள். ஆறாவதும் போனது.

"மிச்சத்தை என்ன செய்யிறது?"

"மூடும்."

மூடினாள். எந்த வருடத்தில் நிறுத்தினோம் என்று வழக்கம்போலக் குறித்துவைக்க நான் சொல்லவில்லை.