புலி சிலீவ் போட்ட டாட்டூக்காரன்

முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். மாத்தளை டவுனில் பன்னிரண்டு வருஷமாக டாட்டூ குத்திப் பிழைக்கும் என் உடம்பில் ஒரு புள்ளி டாட்டூ கூடக் கிடையாது. கொள்கை எல்லாம் இல்லை. ஊசி என்றால் பயம். அடுத்தவர் கையில் குத்தும்போது விரல் அசையாது. என் கைப்பக்கம் ஊசி வந்தால் ஆளே ஆடிப்போவேன்.

கை வெறுமையாக இருக்கும் டாட்டூக்காரனை யார் நம்புவார்? அதனால் கொழும்பில் தேடிப்பிடித்து ஒரு ஜோடி டாட்டூ சிலீவ் வாங்கி, ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டேன். சொக்ஸ் மாதிரி இழுபடும் மெல்லிய துணி. தோல் நிறத்தில், மணிக்கட்டிலிருந்து தோள்வரை புலியும் நெருப்பும் அச்சடித்திருக்கும். ஆள் வருவதற்கு முன்பே கை கழுவி, சிலீவை மாட்டி, க்ளவ்ஸும் போட்டுவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். லாம்ப் வெளிச்சமும் வாடிக்கையாளர் தோலில்தான் விழும். முதல் இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

1. குகை

நான் தொழில் படித்தது தெற்கே, வெள்ளைக்காரர்கள் வரும் ஒரு கடற்கரைக் கடையில். அது குகை மாதிரி இருக்கும். டாட்டூக் கடை என்றால் அப்படித்தான் என்று நினைத்து, இங்கே என் மாடிக் கடையிலும் கண்ணாடி முழுக்கக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். கீழே படி வாசலில் பிளாஸ்டிக் மண்டை ஓடு. உள்ளே காது கிழியும் பாட்டு.

ஊர் என்ன நினைக்கும்? பிள்ளைகளைக் கூட்டிப்போகிற அம்மாமார் என் கடை வந்ததும் எதிர்ப்பக்கம் மாறிவிடுவார்கள். உள்ளே போதைத் தூள் விற்பதாகவும், ஜெயிலில் இருந்து வந்தவர்கள் கூடுவதாகவும் பேச்சு. உண்மையில் என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் புருவம் எழுத வந்த டீச்சர்மார். அவர்களும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள்.

2. பெட்டிஷன்

பில்டிங் சொந்தக்காரர் ஹாஜியார். கீழ்க்கடையில் மிளகு, கராம்பு வியாபாரம். கடை கொடுத்த நாளிலிருந்து ஒருமுறைகூட என் கடைக்குள் கால் வைத்ததில்லை. ஒரு காலையில் படியேறி வந்து, வாசலிலேயே நின்றார்.

"தம்பி, ஒரே ஊசியால எல்லாருக்கும் குத்துறீங்கன்னு பெட்டிஷன் போயிருக்கு. நாளைக்கு பி.எச்.ஐ. மஹத்தயா வாறாரு. அவரு சரின்னு சொன்னா இரிங்க. இல்லாட்டி சாவிய தந்துட்டு போங்க."

சுகாதாரப் பரிசோதகரைத்தான் சொல்கிறார்; மஹத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. கையிலிருந்த காசெல்லாம் அந்த நாற்காலியிலும் மெஷினிலும் போய்விட்டது. இங்கே மூடினால் டவுனில் வேறு எவனும் எனக்கு இடம் தரமாட்டான்.

ராத்திரி முழுக்க யோசித்து நான் செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? அனுபவசாலியாகத் தெரியவேண்டும் என்று மற்றக் கைக்கும் ஜோடிப் புலியை மாட்டினேன்.

3. முழங்கை வரைக்கும்

மஹத்தயா வந்த நேரம் நாற்காலியில் தங்கமணியக்கா இருந்தார். எல்கடுவ தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். முன்கையில் வெந்நீர் கொட்டிய பழைய தழும்பு. கல்யாண வீட்டில் ஆளுக்கு ஆள் விசாரிப்பார்கள், அதை மறைக்கவேண்டும்.

"கொழுந்து வரையவாக்கா?" என்று கேட்டிருந்தேன்.

"அந்தக் கருமத்த நாள் பூரா பாக்குறேன். மயில் போடுங்க தம்பி."

மஹத்தயா சிங்களவர், ஆனால் தமிழ் தண்ணீர் மாதிரி வரும். பின்னால் ஹாஜியார். "முதல்லருந்து செஞ்சு காட்டுங்க. கை கழுவுங்க. முழங்கை வரைக்கும்" என்றார் மஹத்தயா.

நான் சிலீவோடு கழுவினேன். புலி நன்றாக நனைந்தது. நுரை போனபிறகு முழங்கைப் பக்கம் நெருப்பு சுருங்கி, தொளதொளவென்று தொங்கியது.

"மல்லி, சோப் போடவேண்டியது தோலுக்கு. உடுப்புக்கு இல்ல" என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

வேறு வழியில்லை. இரண்டையும் உரித்தேன். உள்ளே வெயில் படாத இரண்டு வெள்ளைக் கைகள். தங்கமணியக்காதான் ஆரம்பித்தார்.

"என்ன தம்பி, எண்ண தேச்சு குளிப்பாட்டுன புள்ள கை மாதிரி இருக்கு?"

"இந்தக் கைக்குப் பயந்தா நான் ரெண்டு வருஷம் மாடிக்கு வராம இருந்தேன்?" என்றார் ஹாஜியார்.

வெட்கத்தில் காது எரிந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு பயமும் இல்லை. ஒளிக்க எதுவும் மிச்சமில்லையே. சீல் உடைக்காத நீடில் பக்கெட்டை மூவருக்கும் காட்டி உடைத்தேன். இங்க்கைச் சின்ன கப்பில் ஊற்றி, மெஷின் வயருக்குப் புது உறை போட்டு, தோலைத் துடைத்து, ஸ்டென்சில் ஒட்டினேன். தழும்புத் தோல் மற்றத் தோல் மாதிரி இங்க் குடிக்காது. ஆழம் கூடினால் பரவிவிடும். மெதுவாகப் போகவேண்டும். மயிலின் கழுத்து தழும்பின் மேட்டோடு வளைந்து வர வர எனக்கே சிலிர்த்தது. அக்கா முகம் சுளிக்கவே இல்லை. ஹாஜியார் ஒவ்வொரு அடியாக நகர்ந்து வந்து, கடைசியில் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஊசியை மஞ்சள் பெட்டியில் போட்டேன்.

"இவ்வளவு நல்ல ஊசிய வீசிட்டீங்களா?"

"ஒரு ஆளுக்கு ஒரு தடவதான் ஹாஜியார்."

அவர் மஹத்தயாவைப் பார்த்தார். மஹத்தயா எழுதிக்கொண்டே சொன்னார்: "வேலை சுத்தம். மண்டை ஓட்டுலதான் தூசி. அத எறிங்க. கண்ணாடியில உள்ள கறுப்பையும் கிழிங்க, வெளிச்சம் வரட்டும்."

மண்டை ஓட்டை நான் எறிந்தேன். கறுப்பு ஸ்டிக்கரை ஹாஜியாரே நகத்தால் சுரண்டி இழுத்தார். ரெண்டு வருஷத்தில் முதல்தடவையாகக் கடைக்குள் வெயில் விழுந்தது. தங்கமணியக்கா கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப கேக்கட்டும். மயில் எப்ப போட்டதுன்னுதான் கேப்பாளுக" என்றார்.

"சாவி ஒங்கள்ட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஹாஜியார் கீழே இறங்கினார்.

4. படித்த பாடம்

புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். ஊர் நம்மைத் தப்பாக நினைக்கிறது என்று கோபப்படுவதற்கு முன்னால், அப்படி நினைக்கச் சொல்லி வாசலில் எதையாவது மாட்டியிருக்கிறோமா என்று பாருங்கள். நான் மாட்டியிருந்தேன். ஊசியின் சீல் உடைப்பதை ஆட்கள் கண்ணால் பார்க்கட்டும். அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

அடுத்த வாரமே சுவருக்கு வெள்ளை அடித்து, டியூப் லைட் போட்டு, வெள்ளைக் கோட் ஒன்றும் தைத்துக்கொண்டேன். சந்தோஷம் தாங்காமல் கீழே ஓடினேன். "ஹாஜியார், இப்ப நம்ம கடையப் பத்தி ஊர்ல என்ன பேசிக்கிறாங்க?"

அவர் கராம்பு நிறுத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்:

"பல்லும் புடுங்குவீங்களான்னு கேக்குறாங்க."