பேர் போட்டுத் தரப்படும்

ஏற்காட்டில் ரைட்டர் என்றால் எஸ்டேட்டில் வேலையாட்களின் பெயரை எழுதுகிறவர். காலையில் யார் வந்தார், யார் வரவில்லை, யாரை எந்தக் காட்டுக்கு, அதாவது தோட்டத்தின் எந்தப் பகுதிக்கு அனுப்புவது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. இது தெரியாமல், மலைக்குக் குடிவந்த முதல் மாதமே, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு "ரைட்டர்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன்.

"எந்த எஸ்டேட்டுங்க?" என்றார்.

நாவல் எழுதுகிறேன், காதல் கதை, வருடத்துக்கு மூன்று நாலு என்று விளக்கினேன். "அதுக்கெல்லாம் ஆள் வெச்சிருக்காங்களாங்க?" என்று கேட்டுவிட்டுக் காலி சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

வைத்திருக்கிறார்கள். இதுவரை நாற்பத்தோரு நாவல்கள். தலைப்பில் நீ, நான், மழை என்ற மூன்றில் இரண்டு கட்டாயம் இருக்க வேண்டும். நாயகனுக்கு அழுத்தமான தாடை, இருபத்தெட்டு வயது, சொந்தமாக ஒரு காப்பி எஸ்டேட், ஒரு ஜீப். நாயகிக்கு அப்பா கிடையாது, குடையும் கிடையாது. இந்த நாயகனைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதலாம் என்றுதான் சேலத்திலிருந்து மேலே வந்தேன். ஏழு வருடமாகிறது. நான் பார்த்த எஸ்டேட் முதலாளிகள் எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். முழங்கால் வலியைப் பற்றியும் காட்டெருமையைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். ஒருவருக்குத் தாடை இருந்தது, பல் இல்லை.

என் நாவல்களில் காப்பிச் செடி ஏராளமாக வரும். காதலர்கள் ஒளிந்துகொள்வதற்கும், நாயகியின் தாவணி மாட்டிக்கொள்வதற்கும் அது மிகவும் தோதான செடி. நாற்பத்தோரு நாவலில் ஒரு ஆள்கூட அதிலிருந்து ஒரு பழம் பறித்ததில்லை.

எழுதுவது இந்தத் தொழிலில் சின்ன வேலை. எழுதினதை விற்பதுதான் பெரிய வேலை என்று என் பதிப்பாளர் சொல்வார். சென்னையில் இருக்கிறார், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். "மேடம், நீங்க தெரியணும்" என்பார் வாரம் தவறாமல். தெரிவதற்காக ஏரிக்கரையில் சால்வை போர்த்திக்கொண்டு நின்றேன். மூடுபனியைப் பார்த்தபடி டீ குடித்து வீடியோ எடுத்தேன். முப்பது வினாடிக்கு மேல் மூடுபனியைப் பார்க்க எதுவும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. காட்சிமுனையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது ஈரோட்டுக் குடும்பம் ஒன்று, கொஞ்சம் தள்ளிக்கங்க, பின்னால் வியூ மறைக்குது என்றது. தள்ளிக்கொண்டேன்.

போன கார்த்திகையில் புதிய நாவல் வந்தது. பதிப்பாளர் இந்த முறை கண்டிப்பாகப் பேசினார். ஏற்காட்டிலேயே வெளியீடு, எஸ்டேட்டுக்கு நடுவில், கூட்டம் வேண்டும், படம் வேண்டும். கூட்டம் வராவிட்டால் அச்சுப் புத்தகத்தை நிறுத்திவிட்டு என்னைச் செயலியில் மட்டும் போடுவதாகச் சொன்னார். செயலியில் ஒரு அத்தியாயத்துக்கு எத்தனை இதயம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும். எனக்குப் பயம் வந்துவிட்டது.

இடம் ஒரு ரிசார்ட். மூன்று வருடம் முன்புவரை அது காப்பி எஸ்டேட்தான். ரைட்டராக இருந்தவர் ஓய்வு பெற்ற பிறகு வேறு ஆளைப் போடவில்லை, வேலையாட்களையும் கூப்பிடவில்லை. செடிகளை மட்டும் அழகுக்காக விட்டுவைத்திருந்தார்கள். வெள்ளக்கடைப் பக்கத்துப் பெண்கள் பலர் அங்கேதான் பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள். வருடத்தில் பழம் பறிக்கிற அந்த இரண்டு மூன்று மாதம்தான் அவர்களுக்கு நிச்சயமான வேலை. மற்ற நாட்களில் களையெடுப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்தால் உண்டு. இப்போது நாகலூர்ப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஒரு மேஸ்திரியின் ஜீப்பில் போய்வருகிறார்கள். கார்த்திகையில் ஜீப்பில் இடம் பிடித்தால்தான் அந்தப் பருவம் முழுக்க வேலை. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதுவது சுலபம்.

ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் செய்யலாம் என்று பதிப்பாளர் சொன்னார். உள்ளூர் ஆட்கள் பேசுகிற மாதிரி நாலு வரி எழுதிக் கொடுங்கள் மேடம் என்றார். நான் எழுதிக் கொடுத்ததில் புத்தக வெளியீடு என்று இருந்ததை அவரே அடித்துவிட்டார். "புத்தகம்னு சொன்னா யாரும் வரமாட்டாங்க மேடம்." முப்பது வருடமாகப் புத்தகம் போடுகிற குடும்பத்துப் பிள்ளை சொல்கிறார், நான் என்ன பேச முடியும். மிஞ்சினது இதுதான்: "வர்ற ஞாயித்துக்கெழமை காலையில பத்து மணிக்கு நம்ம எஸ்டேட்டுக்கு ரைட்டர் வர்றாங்க. வர்ற எல்லாருக்கும் அவங்க கையாலயே பேர் போட்டுத் தருவாங்க. அல்லாரும் வாங்க."

புத்தகத்தில் வாசகரின் பெயரெழுதிக் கையெழுத்திடுவதை நாங்கள் பேர் போட்டுத் தருவது என்போம். எஸ்டேட்டில் பேர் போடுவது என்றால் வேலைக்கு ஆள் எடுப்பது. அந்த ஆட்டோ சனிக்கிழமை முழுக்க ஒண்டிக்கடை, வெள்ளக்கடை, செம்மநத்தம் என்று சுற்றியது. எங்கள் தெருவிலும் வந்தது. ஜன்னலில் நின்று கேட்டேன். மண்ணின் மணம் வந்திருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். நாற்பத்தோரு நாவலில் நான் எழுதிய ஒரு வரியையும் யாரும் மெய்யென்று எடுத்துக்கொண்டதில்லை. இந்த நாலு வரியை எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் சேலத்திலிருந்து வந்த வாசகிகள் ஆறு பேர், அதில் இருவர் என் சித்தி மகள்கள். அவர்களுக்குப் பின்னால் பதினான்கு பெண்கள், துவைத்த சேலையில், தலைக்கு எண்ணெய் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பதிப்பாளருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "உழைக்கும் பெண்கள், மேடம்" என்றார் என் காதில். அவர்கள் எல்லாருக்கும் புத்தகம் இலவசம் என்று மேடையிலேயே அறிவித்தார்.

நான் முக்கால் மணி நேரம் காதலைப் பற்றிப் பேசினேன். பதினான்கு பேரும் ஒரு அசைவில்லாமல் கேட்டார்கள். அப்படி ஒரு கவனத்தை எந்த மேடையிலும் நான் பார்த்ததில்லை. வேலை கொடுக்கப்போகிறவர் பேசும்போது மனிதர்கள் அப்படித்தான் கேட்பார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு வரிசையில் வந்தார்கள். முதலில் வந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். பெயரைச் சொன்னார். எழுதினேன். "ஊட்டுக்காரரு பேரையும் சேத்துப் போட்டுருங்க ரைட்டரம்மா, எங்கூர்ல இதே பேர்ல மூணு பேர் இருக்கறோம்" என்றார். காதல் நாவலாசிரியைக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. புத்தகத்தில்கூடக் கணவனைப் பிரியாத பெண் என்று உருகி, இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு பூ வரைந்து கொடுத்தேன். அடுத்தவரும் கணவன் பெயரைச் சேர்க்கச் சொன்னார். அவருக்கும் பூ.

நான்காவதாக வந்தவர் பையிலிருந்து ஆதார் நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது வேணுங்களா?"

கதைப் புத்தகத்தில் பெயர் எழுத ஆதார் எதற்கு என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது. பேனா நின்றது. நிமிர்ந்து வரிசையைப் பார்த்தேன். நன்றாக, நீளமாக இருந்தது. "மேடம், இங்க பாருங்க" என்றார் படம் எடுப்பவர். நான் அங்கே பார்த்துச் சிரித்தேன். "அதெல்லாம் வேண்டாங்க, உங்க பேரே போதும்" என்று சொல்லி, எழுதிக்கொண்டே போனேன்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததை இப்போதும் நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அன்று மாலையே படம் வெளியே போனது. தோட்டத் தொழிலாளரின் இதயம் தொட்ட எழுத்து என்று பதிப்பாளர் மேலே எழுதியிருந்தார். இன்னைக்கு நொம்ப நல்ல நாள் என்று வந்திருந்த வாசகி ஒருவர் கீழே எழுதியிருந்தார், நானும் இதயம் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ரிசார்ட் மேனேஜர் போன் செய்தார். "மேடம், உங்க ரசிகைகள் கேட்ல நிக்கறாங்க. ஏழு மணிக்கே வந்துட்டாங்க. உங்களைத்தான் கேக்கறாங்க."

பதிப்பாளருக்குச் சொன்னேன். கட்டாயம் வீடியோ எடுங்க மேடம் என்றார். நல்ல சேலை ஒன்றைக் கட்டி, லேசாகப் பவுடர் போட்டுக்கொண்டு போனேன். கையில் செல்போனைத் தயாராகப் பிடித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினான்கு பேரும் நின்றார்கள். இடுப்பில் சாக்கு கட்டியிருந்தார்கள். ஒரு கையில் சோற்றுத் தூக்குப்போசி, ஒரு கையில் என் நாவல். பழைய சேலைக்குமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள், செடி கீறாமலிருக்க.

முதலில் வந்து பெயர் போட்டுக்கொண்ட அதே அம்மா முன்னால் வந்தார். "ஏனுங்க ரைட்டரம்மா, மொதல்ல எந்தக் காட்டுல எடுக்கறதுங்க? கேட்டுல உட மாட்டேங்கறாங்க. பேர் போட்டிருக்குதுன்னு காட்டியும் உட மாட்டேங்கறாங்க." புத்தகத்தைத் திறந்து பூ வரைந்த பக்கத்தைக் காட்டினார்.

நான் செல்போனைப் பைக்குள் போட்டேன். மேஸ்திரி ஜீப் என்னாச்சு என்று கேட்டேன்.

"நேத்தே சொல்லிப்போட்டமுங்க. எங்களுக்குப் பழைய எஸ்டேட்லயே பேர் போட்டாச்சு, நீங்க வேற ஆள் பாத்துக்கங்கன்னு."

மேனேஜரிடம் போனேன். நல்ல மனிதர், உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். பழம் பறிக்க ஆளே தேவையில்லை என்றார். விருந்தினர்களே காலையில் கூடை மாட்டிக்கொண்டு பறிக்கிறார்களாம், அதற்குத் தனியாகக் காசும் கொடுக்கிறார்களாம், அனுபவத்துக்காக. "வேணும்னா கொசுவம் வெச்சு சேலை கட்டி, சனி ஞாயிறு போட்டோவுக்குப் பக்கத்துல நிக்க ரெண்டு பேர் எடுத்துக்கறேன் மேடம். கொஞ்சம் சின்ன வயசா." அந்த மேஸ்திரியின் நம்பர் வாங்கிப் பேசினேன். கீழேயிருந்து ஆள் வந்துவிட்டது, ஜீப் நிறைந்துவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். யார் பேசுவது என்று கேட்டார். ரைட்டர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வந்து கேட்டருகே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் எஸ்டேட் ரைட்டர் இல்லை, கதை எழுதுகிறவள், இது கதைப் புத்தகம், இங்கே வேலை இல்லை. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. ஒருவர் இடுப்புச் சாக்கை அவிழ்த்து மடிக்கத் தொடங்கினார், மற்றவர்களும் அவிழ்த்தார்கள்.

முன்னால் நின்ற அம்மா மட்டும் அவிழ்க்கவில்லை. "அப்ப அன்னைக்கு எங்க பேரையெல்லாம் எதுக்குங்க எழுதுனீங்க?" என்று கேட்டார்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆதார் நகல் நினைவுக்கு வந்தது. "கூட்டத்துக்கு ஆள் வேணும்னுதாங்க" என்றேன்.

அவர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஆள் வேணும்னு கூப்புட்டிருந்தா சும்மாவே வந்திருப்பமுங்களே," என்றார். "ஞாயித்துக்கெழம லீவுதானுங்க."