நான் அவளுக்குக் கொடுத்த இடைவெளி

என் மனைவி அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய் இன்றோடு நூற்றுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. ராஜபாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அந்த வீட்டுக்குப் பஸ்ஸில் அரைமணி நேரம்தான். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஒருத்தியை நினைத்து இவ்வளவு ஏங்க முடியும் என்பது எனக்கு எழுபத்தொரு வயதில்தான் தெரிகிறது.

இதற்குக் காரணம் பத்தொன்பது புத்தகங்கள். பெங்களூரில் இருக்கும் மகன் வீடு மாறும்போது ஒரு அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். எல்லாம் வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று சொல்கிற புத்தகங்கள். "சும்மா கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமான்னு கவலைப்பட்டுக்கிட்டு இருக்கிறதுக்கு இதைப் படிங்கப்பா" என்றான். கேஸை நான் மூன்று தடவை பார்ப்பேன். அதில் ஒன்றும் தவறு இருப்பதாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

பென்சிலும் கையுமாகப் படித்தேன். பதினான்கு முடித்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திரு, நன்றி சொல், பாதியில் குறுக்கிடாமல் கேள், நாளை என்று தள்ளாதே. படிக்கப் படிக்க ஒரு தெம்பு வந்தது. இத்தனை நாள் வீணாகிவிட்டதே என்ற பதற்றமும் வந்தது. எழுபது வயதுக்கு மேல் முன்னேறுகிறவனுக்கு நேரம் குறைவு.

அதில் ஒரு புத்தகம், எதை மாற்ற விரும்புகிறாயோ அதை முதலில் அளந்து பார் என்றது. இது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. நான் முப்பத்துநான்கு வருடம் நூற்பாலையில் தரம் பார்க்கிற பிரிவில் இருந்தவன். ஒரு மணி நேரத்தில் எந்த மிஷினில் எத்தனை தடவை நூல் அறுந்தது என்று கோடு போட்டுக் குறித்து, அதைக் குறைக்க வழி சொல்வதுதான் என் வேலை. அதையே வீட்டில் செய்தேன். நாட்காட்டியின் பின்பக்கத்தில், என் மனைவி குறை சொல்லும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது.

பதினைந்தாம் நாள் காலையில் தேதி கிழிக்கப் போனவள் நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டாள்.

"என்ன இது, கோடு கோடா?"

நான் மறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பாராட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். "நீ குறை சொன்ன கணக்கு. மொத வாரம் நாப்பத்தெட்டு. போன வாரம் நாப்பத்தொண்ணு. ஏழு குறைஞ்சிருக்கு. நல்ல முன்னேற்றம்."

அவள் நாட்காட்டியைத் திருப்பி ஆணியில் மாட்டினாள். "நான் என்ன மில்லு நூலா?" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு முழுதும் வேறு எதுவும் சொல்லவில்லை. அன்றைய இடம் நாட்காட்டியில் காலியாகவே இருந்தது. அதையும் நான் முன்னேற்றம் என்றே எடுத்துக்கொண்டேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் வியாழக்கிழமை. அவளுடைய அண்ணன் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்திருந்தது. "மதினிக்கு ஒத்தாசையா பத்து நாள் இருந்துட்டு வாரேன்" என்று ஒரே ஒரு பையோடு கிளம்பிப் போனாள்.

பத்து நாள் முடிந்தது. பதினொன்றும் முடிந்தது. தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் போனில் பேசினோம்.

"சாப்டீகளா?"

"இனிமேதான். நீ?"

"ம். இங்க எல்லாம் சௌகரியமாத்தான் இருக்கு." அப்புறம் ஒரு நிறுத்தம். நான் எதுவும் சொல்லாமல் இருப்பேன். "சரி, வைக்கேன்."

அந்த நிறுத்தம் பெரும்பாலும் ஏழெட்டு வினாடி இருக்கும். எப்போது வருகிறாய் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. ஏனென்றால் இன்னொரு புத்தகத்தில், வருத்தப்பட்டு விலகிப்போன துணையை நெருக்காதே, அவருக்கு வேண்டிய இடைவெளியைக் கொடு, தானாகத் திரும்பி வரும் அன்புதான் நிலைக்கும் என்று ஒரு அத்தியாயமே இருந்தது. அதை நான் இரண்டு தடவை படித்திருந்தேன். கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வரும். பல்லைக் கடித்துக்கொண்டு இடைவெளி கொடுப்பேன். வெறும் வீட்டில் ஒரு டம்ளர் அரிசியைப் பொங்கித் தின்றுகொண்டு, ஒரு பெரிய பக்குவத்தைக் கடைப்பிடிப்பதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்து மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மா மாடிக்குத் துணி காயப்போட வந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என்னை அண்ணா என்றும் என் மனைவியை வதினெ என்றும்தான் அழைப்பார்.

"ஏமண்ணா, வதினெ இன்னும் வரலையா?"

"தோணும்போது வருவா. நான் நெருக்குறதில்ல."

"நெருக்க வேண்டாம். போய்க் கூப்பிட்டீங்களா?"

"தெனமும் போன்ல பேசுறோமே."

"போன் பண்ணா வந்து சேர்றதுக்கு அவங்க என்ன கேஸ் சிலிண்டரா?"

நான் அந்த அத்தியாயத்தை விளக்க ஆரம்பித்தேன். அவர் ஈரச் சேலையைக் கையில் பிடித்தபடியே கேட்டார். பிறகு, "அண்ணா, மனசு விட்டுப்போயிப் பொறந்த வீட்டுக்குப் போனவங்க, புருஷன் வந்து வாசல்ல நின்னு கூப்பிடாம எப்படிக் கெளம்புவாங்க? இவனே வேண்டாம்னு விட்டுட்டான், இவளாப் பையத் தூக்கிட்டுப் போறான்னு அங்க உள்ளவங்க நெனைக்க மாட்டாங்களா? எங்க வீட்லயும் இதான், உங்க வீட்லயும் இதான்" என்றார்.

"அவ ஒத்தாசைக்குல்ல போயிருக்கா."

அவர் சிரித்துவிட்டார். சேலையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கு அது தெரியாத விஷயமில்லை. அதுதான் என்னைச் சுட்டது. கல்யாணமான முதல் வருடத்தில் ஒரு சண்டை. அவள் மகாராஜபுரத்தில் இருந்த தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாளே நான் வத்திராயிருப்பு பஸ் ஏறிப் போய் அவர்கள் வாசலில் நின்றேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. முன்னேறுவது பற்றி ஒரு புத்தகமும் படித்ததில்லை. அவள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அந்த வாலிபனுக்குத் தெரிந்ததை நான் எங்கே தொலைத்தேன்? நான் படித்த அத்தனை புத்தகங்களிலும் கணவன் உண்டு, மனைவி உண்டு, தொழில் உண்டு, இலட்சியம் உண்டு. யாருக்கும் மச்சினன் கிடையாது. யாரும் பிறந்த வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிட வேண்டியதில்லை.

செய்யவேண்டியதை இந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கு என்று இன்னொரு புத்தகம். கேஸை மூன்று தடவை பார்த்துவிட்டுக் கிளம்பினேன். பன்னிரண்டு வாழைப்பழம், நான்கு முழம் மல்லிகை. பஸ்ஸில் டிரைவர் போனில் பேசிக்கொண்டே ஓட்டினார். மடவார்வளாகம் வரும்வரை முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது டிரைவரால் மட்டுமா என்று சொல்ல முடியாது.

மச்சான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாங்க மாப்ளே. எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சிருச்சா?" என்றார். நான் உள்ளே போகாமல், "கூப்பிட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். வாசலிலேயே நின்றுகொண்டு சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்திருந்தேன்.

அவர் மனைவி வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்தார். "அண்ணே, இம்புட்டு நாள் கழிச்சு வந்தீக, அதுவும் வெள்ளிக்கிழமையாப் பாத்தா வருவீக? வெள்ளிக்கிழமை பொண்ண வீட்ட விட்டு அனுப்புவாகளா? நாட்காட்டியில கோடு போடத்தான் தெரியுமா, கெழமை பாக்கத் தெரியாதா?"

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மச்சான் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

என் மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். கண்ணாடி மாற்றவேண்டும், எழுத்தெல்லாம் கலங்குகிறது என்று அவள் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு வாரத்தில் சொன்ன ஒவ்வொரு தடவைக்கும் நான் ஒரு கோடு போட்டிருந்தேன். எண்பத்தொன்பது கோட்டில் எத்தனை கண்ணாடிக்கு, எத்தனை முதுகுவலிக்கு, எத்தனை என் சிடுசிடுப்புக்கு என்று நான் பிரித்து எழுதவில்லை. மில்லில் அப்படி ஒரு தாளைக் கொடுத்திருந்தால் என் மேலதிகாரி முகத்தில் எறிந்திருப்பார். நூல் ஏன் அறுந்தது என்று எழுதாதவன் என்ன தரம் பார்க்கிறவன்?

சாப்பிட வைத்தாள். நான் சாப்பிடும்போது மற்ற இருவரும் எழுந்து உள்ளே போனார்கள்.

"சரி, நாளைக்குச் சனிக்கிழமை. நாளைக்கு வாரேன்" என்றேன்.

"பத்து நாளு முடிஞ்சதுமே துணியெல்லாம் மடிச்சுப் பையில வச்சு, கட்டிலுக்குக் கீழயே வச்சிருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "போன்ல பேசும்போதெல்லாம், இந்தாக் கேப்பாக, இந்தாக் கேப்பாகன்னு இருப்பேன். இருவது நாள் பாத்தேன். பொறவு பையைத் தொறந்து துணிய எடுத்து அலமாரில வச்சுட்டேன். இப்ப கெளம்புன்னா மனசு கெளம்ப மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தவா?"

அந்த ஏழெட்டு வினாடி என்னவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதிலிருந்து புதன்கிழமைதோறும் போகிறேன். போய் ஒரு தடவை கூப்பிடுவேன். அவள் "பாப்போம்" என்பாள். சாப்பிடுவேன். திரும்பி வருவேன். புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். அவற்றின் மேல் கோபமில்லை. நன்றி சொல் என்றதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் சொல்வதற்கு எதிரே ஆள் வேண்டும். இங்கே காப்பி போட்டுக் குடித்துவிட்டு எனக்கு நானே எப்படி நன்றி சொல்ல?

நேற்று பத்தாவது புதன்கிழமை. முதல் தடவையாக என்னோடு பஸ் நிற்கிற இடம்வரை நடந்து வந்தாள். ஒரு பஸ் வந்தது. கூட்டமாக இருக்கிறது என்று விட்டேன். இரண்டாவதும் வந்தது.

"ஒக்கார எடம் கெடக்கே," என்றாள்.

"அடுத்ததுல போறேன். என்ன அவசரம்."

அவள் சேலைத் தலைப்பை இழுத்து வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கொல்லைல கருவேப்பிலைக்குத் தண்ணி ஊத்துறீகளா?"

"தெனமும் ஊத்துறேன்."

"எம்புட்டு?"

"ரெண்டு வாளி."

"ரெண்டு வாளியா? ஏங்க, வேரு அழுகிப் போயிரும்ங்க! ஒண்ணு போதும். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்."

மூன்றாவது பஸ் வந்தது. "ஏறுங்க" என்றாள். ஏறினேன். பஸ் திரும்பும்வரை அவள் அங்கேயே நின்றது தெரிந்தது.

இன்று காலையில் கருவேப்பிலைக்கு ஒரு வாளி ஊற்றினேன். இனி சனிக்கிழமை ஊற்றவேண்டும். புதன்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.